பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘அழற்சி’, வாட்ஸ்அப்பில் ‘பாக்டீரியா’: கர்ப்பப்பைப் புற்றுநோய்கள் பற்றி ஒரு சந்தேகம்

தேன்மொழி_கே · வியாழன், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படித்துவிட்டுப் போய்விடுவேன், இங்கே எழுதியதில்லை. என் அக்காவுக்கு 44 வயது. போன மாதம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று உறுதியானது. கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்து அடுத்த வாரம் தொடங்குகிறார்கள்.

இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர் ஒரு குரல்பதிவை அனுப்பியிருக்கிறார். “புற்றுநோய்க் கட்டிக்குள்ளேயே பாக்டீரியா இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டாங்க, ஆன்டிபயாட்டிக் குடுத்தா கட்டி கரைஞ்சிடும், டாக்டருங்க சொல்ல மாட்டாங்க” என்று போகிறது. வழக்கமாக இதையெல்லாம் நான் அழித்துவிடுவேன். ஆனால் அக்காவின் பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் ‘டென்ஸ் இன்ஃப்ளமேட்டரி இன்ஃபில்ட்ரேட்’ என்று ஒரு வரி. கூகுளில் தேடினேன், அழற்சி என்றது. அழற்சி என்றால் தொற்றுதானே? அப்படியென்றால் அந்தக் குரல்பதிவில் கொஞ்சமாவது உண்மை இருக்கிறதா? ‘நல்ல பாக்டீரியா’ என்று விற்கிற லாக்டோபேசில்லஸ் மாத்திரையை அக்கா வாங்கித் தரச் சொல்கிறாள். அதைக் கொடுக்கலாமா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ராத்திரி தூக்கமே இல்லை.

நுண்நோக்கி · வியாழன், இரவு 10:05

வணக்கம் தேன்மொழி. நான் டாக்டர் இல்லை. பாதாலஜி ஆய்வகத்தில் பதினான்கு வருடமாக டெக்னீஷியன். ரிப்போர்ட் வரியைப் பற்றி மட்டும் என்னால் சொல்ல முடியும்.

அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கர்ப்பப்பை வாய்க் கட்டியின் ஸ்லைடுகளில் பெரும்பாலும் அதைப் பார்ப்போம். அழற்சி என்றால் தொற்று என்று பொருள் அல்ல. உடம்பின் பாதுகாப்பு செல்கள் அந்த இடத்தில் கூடியிருக்கின்றன என்பதுதான் பொருள். எதற்காகக் கூடின என்பதை அந்தச் சொல் சொல்லாது.

கூடியிருப்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். கட்டியின் மேற்பரப்பு புண்ணாகிப்போன இடத்தில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் குவிந்திருக்கும். அங்கே பாக்டீரியாவும் ஒட்டியிருக்கலாம். திறந்த புண், அதுவும் ஏற்கெனவே பாக்டீரியா வாழும் இடத்தில் உள்ள புண், அதனால் ஆச்சரியமில்லை. கொஞ்சம் உள்ளே போனால் லிம்ஃபோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள். அவற்றில் டி செல்கள் கட்டியின் தீவுகளுக்குள்ளேயே, அதாவது புற்றுச் செல் கூட்டங்களுக்குள்ளேயே, நுழைந்திருந்தால் அது பல சமயம் நல்ல செய்தி. சினைப்பைப் புற்றுநோயில் 2003-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. 186 கட்டிகளைப் பார்த்தார்கள். கட்டிக்குள் டி செல் இருந்தவர்களில் 38 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு தாண்டினார்கள், இல்லாதவர்களில் 4.5 சதவீதம் பேர்தான். அது வேறு உறுப்பு, பழைய சிகிச்சைக் காலம், அந்த எண்களை அக்காவுக்குப் பொருத்தாதீர்கள். அழற்சி என்ற ஒரே சொல்லுக்குள் காப்பவனும் இருக்கிறான், கெடுப்பவனும் இருக்கிறான் என்பதற்காகச் சொன்னேன்.

தரவுப்பூச்சி · வியாழன், இரவு 11:31

மரபணுத் தரவுகளோடு மாரடிப்பவன் நான். அந்தக் குரல்பதிவின் வேர் எங்கே என்று ஊகிக்க முடிகிறது.

2020-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்று, இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனக் குழு ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது. கட்டிகளும் பக்கத்துத் திசுக்களுமாக 1,526 மாதிரிகள், ஏழு வகைப் புற்றுநோய்கள், அதில் சினைப்பையும் ஒன்று. பாக்டீரியா பெரும்பாலும் செல்களுக்கு உள்ளே, புற்றுச் செல்லிலும் நோயெதிர்ப்பு செல்லிலும், இருப்பதாகச் சொன்னார்கள். மற்றொன்று ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான புற்றுநோய் மரபணுத் தரவுகளைச் சலித்து, ஒவ்வொரு புற்றுநோய்க்கும் தனித்தனி நுண்ணுயிர்க் கைரேகை இருக்கிறது என்றது. உலகமே கொண்டாடியது.

இரண்டாவது ஆய்வு 2024-இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். ஒப்பிடப் பயன்படுத்திய பாக்டீரியா மரபணு வரைவுகளில் சிலவற்றிலேயே மனித டி.என்.ஏ. கலந்திருந்தது. அதனால் மனிதத் துண்டுகளே பாக்டீரியா என்று எண்ணப்பட்டன. போதாததற்கு, எண்களைச் சமன் செய்த கணக்கே ஒவ்வொரு புற்றுநோய்க்கும் ஓர் அடையாளத்தைத் தானாக ஒட்டிவிட்டது. முக்கிய அடையாளங்களில் இறால் வகையறாவைத் தாக்கும் வைரஸ் எல்லாம் இருந்தது! இறால் வைரஸுக்கு மனிதக் கட்டியில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

ஆக, “கட்டிக்குள் பாக்டீரியா” என்ற தலைப்பைப் பார்த்தால் என் முதல் கேள்வி: உள்ளே இருந்ததா, ஆய்வகத்தில் வந்து சேர்ந்ததா?

பரிதி77 · வெள்ளி, காலை 6:50

அப்போ எல்லாமே புருடாவா? இதைத்தானே நாலு வருஷமா பேசிட்டு இருந்தாங்க.

கிருமிக்காதலி · வெள்ளி, காலை 8:14

இல்லை பரிதி, ஓர் ஆய்வுத்தாள் விழுந்தால் துறையே விழுந்ததாக ஆகாது. (நுண்ணுயிரியல் முனைவர் பட்ட மாணவி. தூக்கமின்மையில் தேன்மொழிக்குத் துணை.)

மூளைக்கட்டியிலோ எலும்புக்கட்டியிலோ பாக்டீரியா என்றால் தரவுப்பூச்சி அண்ணாவின் சந்தேகம் நியாயம். கர்ப்பப்பை வாய் அப்படி இல்லை. அது பாக்டீரியாவோடு நிரந்தரமாகக் குடித்தனம் நடத்தும் இடம். 2011-இல் ஆரோக்கியமான 396 பெண்களின் மாதிரிகளைப் பார்த்து, யோனியின் நுண்ணுயிர்க் கூட்டங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். நான்கில் ஏதோ ஒரு லாக்டோபேசில்லஸ் ஆட்சி: கிரிஸ்பேட்டஸ், காசெரி, ஐனர்ஸ், ஜென்செனி. ஐந்தாவதில் லாக்டோபேசில்லஸ் குறைவு, கார்ட்னெரெல்லா போன்ற பலவகைக் கூட்டம். நோய் அறிகுறி எதுவும் இல்லாத பெண்களிலேயே நாலில் ஒருவருக்கு இந்த ஐந்தாவது வகைதான் இருந்தது. ஆகவே அது இருந்தாலே நோய் என்று சொல்ல முடியாது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் அடிப்படைக் காரணம் ஹெச்பிவி (மனித பாப்பிலோமா) வைரஸ். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். வைரஸின் ஈ6 புரதம் செல்லின் பி53 என்ற காவல் புரதத்தை அழிக்கிறது, ஈ7 ஆர்பி புரதத்தை முடக்குகிறது. செல்லின் இரண்டு பிரேக்கும் போய்விடுகின்றன. ஆனால் தொற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளில் அது தானே போய்விடுகிறது. சிலருக்கு மட்டும் ஏன் தங்குகிறது? இங்கேதான் பாக்டீரியாவும் அழற்சியும் வருகின்றன. லாக்டோபேசில்லஸ் குறைந்து அமிலத்தன்மை போய், ஸ்னீத்தியா போன்ற பாக்டீரியாக்கள் பெருகிய பெண்களிடம் வைரஸ் தங்குவதும் செல் மாற்றங்களும் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அது காரணமா, கூட வருவதா என்பது இன்னும் முடியாத வழக்கு.

இப்போது தேன்மொழி அக்காவின் மாத்திரைக் கேள்வி. 2023-இல் ‘கேன்சர் செல்’ இதழில் வந்த ஆய்வைப் படித்துவிட்டு நான் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கதிர்வீச்சும் கீமோவும் பெற்ற கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் நோயாளிகளில், கட்டியில் லாக்டோபேசில்லஸ் ஐனர்ஸ் இருந்தவர்களுக்குச் சிகிச்சை சரியாகப் பலன் தரவில்லை. லாக்டோபேசில்லஸ்! நல்ல பாக்டீரியா என்று பெட்டியில் படம் போட்டு விற்கிறார்களே, அதே குடும்பம். கிரிஸ்பேட்டஸ் லாக்டிக் அமிலத்தின் இடக்கை (எல்), வலக்கை (டி) வடிவங்கள் இரண்டையும் தயாரிக்கும். ஐனர்ஸுக்கு எல் வடிவம் மட்டும்தான் தெரியும். அந்த எல்-லாக்டேட்டைப் புற்றுச் செல் எரிபொருளாகவும் சமிக்ஞையாகவும் பயன்படுத்தி, கதிர்வீச்சைத் தாங்கும்படி தன்னை மாற்றிக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

தேன்மொழி_கே · வெள்ளி, காலை 8:40

படித்தேன், இன்னும் குழம்பிவிட்டேன். அப்போ லாக்டோபேசில்லஸ் நல்லதா, கெட்டதா? அக்காவிடம் என்ன சொல்வேன்?

இயற்கைவழி · வெள்ளி, காலை 9:02

சகோதரி, இவர்கள் உங்களைக் குழப்புகிறார்கள். விஷயம் எளிது. கெட்ட கிருமி சேர்ந்ததால்தான் கட்டி. உள்ளே நன்றாகக் கழுவி, நல்ல பாக்டீரியாவை ஏற்றினால் கெட்டது ஓடிவிடும், அழற்சியும் அடங்கும். எனக்குத் தெரிந்த பலருக்குப் பலன் கிடைத்திருக்கிறது. தனிச்செய்தி அனுப்புங்கள்.

வார்டு_ஏழு · வெள்ளி, காலை 11:20

தேன்மொழி, தயவுசெய்து தனிச்செய்தி அனுப்பாதீங்கம்மா. நான் புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸ்.

உள்ளே கழுவுவது வேண்டவே வேண்டாம். கட்டி லேசாகத் தொட்டாலே ரத்தம் கசியும் நிலையில் இருக்கும். நோய் இல்லாத பெண்களிடமே உள்ளே பீய்ச்சிக் கழுவும் பழக்கத்துக்கும் பாக்டீரியல் வஜைனோசிஸுக்கும் (லாக்டோபேசில்லஸ் குறைந்து மற்ற பாக்டீரியா பெருகும் நிலை) தொடர்பு இருக்கிறது. கழுவும்போது அமிலம்தான் முதலில் போகும்.

மாத்திரை விஷயம். கீமோ ஓடும்போது வெள்ளையணுக்கள் குறையலாம். அந்த நேரத்தில் உயிருள்ள பாக்டீரியா அடங்கிய எதையும் வாயிலோ யோனியிலோ கொடுப்பதற்கு முன்னால் புற்றுநோய் டாக்டரைக் கேட்டே ஆகணும். கடையில் வாங்கும் காப்ஸ்யூலில் என்ன இனம் இருக்கிறது, அது யோனியில் தங்குமா என்பதெல்லாம் தனிக் கதை. அக்கா ஆசைப்படுகிறாள் என்பதற்காக ஒளித்துக் கொடுத்துவிடாதீங்க. ஒளித்துக் கொடுத்ததைக் கண்டுபிடிப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

ஆனால் ஒன்று. நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தால் அது உண்மையான தொற்றாக இருக்கலாம். அதைச் சோதித்து, தேவையான ஆன்டிபயாட்டிக்கை டாக்டரே கொடுப்பார். கர்ப்பப்பைக்குள் சீழ் கட்டுவதும் சிலருக்கு நடக்கும், அப்போது அதை வடித்தாகணும். சிகிச்சை தொடங்கியபின் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீங்க, உடனே கூப்பிடுங்க.

மட்டுறுத்துநர் · வெள்ளி, காலை 11:45

‘இயற்கைவழி’ நண்பருக்கு: தனிச்செய்தியில் சிகிச்சை விற்பது இங்கே தடை. முதல் எச்சரிக்கை.

கிருமிக்காதலி · வெள்ளி, பகல் 1:10

வார்டு_ஏழு சிஸ்டர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல எதுவுமில்லை. “நல்லதா கெட்டதா” என்பதற்கு மட்டும்: எந்த இனம், எந்த இடம், எந்த நேரம் என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் உண்டு. ஆரோக்கியமான யோனியில் கிரிஸ்பேட்டஸ் காவல்காரன். வளர்ந்துவிட்ட கட்டிக்குள் ஐனர்ஸ் வேறு ஆள்.

கர்ப்பப்பையின் உள்சுவர்ப் புற்றுநோயிலும் இதே சிக்கல்தான். 2016-இல் மேயோ கிளினிக் குழு 31 பெண்களை ஆராய்ந்தது. அதில் 17 பேருக்குப் புற்றுநோய். அவர்களிடம் அட்டோபோபியம் வஜைனே என்ற பாக்டீரியாவும் ஒரு போர்ஃபைரோமோனாஸும் சேர்ந்து காணப்பட்டன, கூடவே யோனியின் பிஹெச் (அது ஏறினால் அமிலத்தன்மை குறைவு என்று பொருள்) 4.5-க்கு மேல். (அட்டோபோபியத்துக்கு இப்போது பெயரே மாற்றிவிட்டார்கள், ஃபேனிஹெஸ்ஸியாவாம். பாக்டீரியாக்காரர்களுக்கு வேலை இல்லாத நேரம்.) போர்ஃபைரோமோனாஸ் சோமரே கர்ப்பப்பை உள்சுவர் செல்லுக்குள் புகும் திறன் உள்ளது என்றும் பிறகு ஆய்வகத்தில் காட்டினார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யோசியுங்கள். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் மாதவிடாய் நின்றபின் வருவது. அப்போது ஈஸ்ட்ரோஜன் குறைந்து, யோனிச் சுவரில் கிளைக்கோஜன் குறைந்து, அதை நம்பி வாழும் லாக்டோபேசில்லஸும் குறைகிறது. பிஹெச் தானாகவே ஏறும். கட்டியிலிருந்து கசியும் ரத்தத்தின் பிஹெச் 7.4. அதுவும் ஏற்றும். ஆக, பாக்டீரியா வந்ததால் கட்டியா, கட்டி ரத்தம் கசிந்ததால் பாக்டீரியாவா? 31 பேரை ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு இதைச் சொல்ல முடியாது.

பரிதி77 · வெள்ளி, மாலை 5:33

சினைப்பை உள்ளே எங்கேயோ இருக்கு. அங்கே பாக்டீரியா எப்படிப் போகும்?

நுண்நோக்கி · வெள்ளி, இரவு 8:20

வழி இருக்கிறது பரிதி. யோனி, கர்ப்பப்பை வாய், கர்ப்பப்பை, கருக்குழாய், அதன் முனையில் விரல்கள் போன்ற ஓரம், அங்கிருந்து வயிற்றறை. பெண்ணுடலில் வெளியுலகத்துக்கும் வயிற்றறைக்கும் நடுவே கதவு முழுக்க மூடப்படாத பாதை அது. கர்ப்பப்பை வாய்ச் சளி தடுப்பாக நிற்கும், எப்போதும் ஜெயிக்காது. கிளமிடியா என்ற பால்வினைக் கிருமி ஏறிப்போய்க் கருக்குழாயில் அழற்சி உண்டாக்குவது இந்த வழியாகத்தான்.

இன்னொரு விஷயம். சினைப்பைப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் மிகத் தீவிரமான வகை, உயர்தர சீரஸ் வகை, பெரும்பாலும் சினைப்பையில் பிறப்பதே இல்லை. கருக்குழாயின் அந்த விரல் ஓரத்தில் பிறக்கிறது. ஆய்வகத்தில் அந்தப் பகுதியைத் துண்டு துண்டாக முழுவதும் வெட்டிப் பார்க்கச் சொல்வது அதனால்தான். ஒவ்வொரு மாதமும் முட்டை வெடித்து வெளிவரும்போது அழற்சித் திரவம் அந்த ஓரத்தை நனைக்கிறது. ஓயாத முட்டை வெளியேற்றமே காரணமாக இருக்கலாம் என்று 1971-இலேயே ஃபத்தல்லா என்பவர் ‘லான்செட்’ இதழில் எழுதினார். பிள்ளைப்பேறும் கருத்தடை மாத்திரையும் இந்தப் புற்றுநோயைக் குறைப்பது அதோடு ஒத்துப்போகிறது. கிருமியே இல்லாமலும் அழற்சி வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மழைச்சாரல் · வெள்ளி, இரவு 9:48

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சுவர் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய்). ஏதோ ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமிதான் காரணம் என்று படித்தேன். புற்றுநோயாக மாறுமா?

கிருமிக்காதலி · வெள்ளி, இரவு 10:15

அது 2023-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வு. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களில் 64 சதவீதம் பேரின் கர்ப்பப்பை உள்சுவரில் ஃபியூசோபாக்டீரியம் இருந்தது, இல்லாதவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவு. எலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தபோது புண்கள் சிறுத்தன. சுவாரசியம்தான், ஆனால் எலி எலிதான்.

புற்றுநோய் பற்றி: தெளிசெல் வகை, எண்டோமெட்ரியாய்டு வகை என்ற இரண்டு சினைப்பைப் புற்றுநோய்களின் ஆபத்து எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் கொஞ்சம் கூடுகிறது. மொத்தத்தில் பார்த்தால் வாழ்நாளில் நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே இருப்பது இரண்டை நெருங்குகிறது, அவ்வளவுதான். நூற்றில் 98 பேருக்கு வராது. உங்கள் டாக்டரிடம் வழக்கமான பரிசோதனையை மட்டும் விடாதீர்கள்.

தரவுப்பூச்சி · சனி, காலை 10:02

நான் பாக்டீரியாவே இல்லை என்று சொல்லும் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு நம்பிக்கை தருவது அவை எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று காட்டும் ஆய்வுகள். 2022-இல் பெருங்குடல், வாய்ப் புற்றுக்கட்டிகளை இடம் இடமாக வரைபடம் போட்டார்கள். பாக்டீரியா கட்டி முழுக்கப் பரவியில்லை, சிறு சிறு பொந்துகளில் இருந்தது. அந்தப் பொந்துகளில் ரத்தக்குழாய் குறைவு, டி செல் குறைவு, மைலாய்டு என்ற வேறு வகை நோயெதிர்ப்பு செல்கள் அதிகம். போலீஸ் ரோந்து வராத சந்து மாதிரி. ஃபியூசோபாக்டீரியத்தின் ஃபேப்2 என்ற புரதம், புற்றுச் செல்லைக் கொல்லும் என்கே என்ற பாதுகாப்பு செல்லின் டிஜிட் என்ற பூட்டைப் பிடித்து அதைத் தாக்கவிடாமல் செய்வது 2015-இலேயே தெரியும். கர்ப்பப்பை, சினைப்பைக் கட்டிகளிலும் அப்படியே நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வழிமுறை என்ற ஒன்று இருக்கிறது.

இன்னொன்று, மருந்தைத் தின்பது. கணையப் புற்றுநோயில் சில பாக்டீரியாக்கள் ஜெம்சைட்டபின் என்ற கீமோ மருந்தைத் தங்கள் நொதியால் செயலிழக்க வைக்கின்றன என்று 2017-இல் காட்டினார்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கும் சில கட்டங்களில் கொடுக்கும் மருந்துதான் அது.

“அப்படின்னா ஆன்டிபயாட்டிக் கொடுத்துடலாமே” என்று குரல்பதிவுக்காரர் கேட்பார். ஆன்டிபயாட்டிக்குக் கட்டியின் முகவரி தெரியாது. முதலில் காலியாவது குடல். 2022-இல் சினைப்பைப் புற்றுநோய் எலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் கலைத்தபோது கட்டி வேகமாக வளர்ந்தது, சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து வேலை செய்வதும் குறைந்தது. ஆரோக்கியமான எலியின் குடல் பாக்டீரியாவைத் திரும்ப வைத்ததும் மருந்து மறுபடி வேலை செய்தது. தேன்மொழியின் அக்காவுக்குக் கதிர்வீச்சோடு கொடுக்கப் போகும் கீமோவும் அனேகமாக அதே சிஸ்பிளாட்டின்தான்.

நுண்நோக்கி · சனி, காலை 11:40

தரவுப்பூச்சி சார் முதலில் கேட்ட கேள்விக்கு எங்கள் பக்கத்துப் பதில். பயாப்ஸித் துண்டு ஃபார்மலினில் ஊறும், மெழுகில் பதியும், அதுதான் பிளாக். அதை மைக்ரோடோமில் சீவி, சீவலை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்துவோம். அந்தத் தொட்டித் தண்ணீர் தீர்த்தம் இல்லை! முந்தைய நோயாளியின் திசுத் துணுக்கே சில சமயம் மிதந்து வந்து அடுத்த ஸ்லைடில் ஒட்டும். துணுக்கே வரும்போது பாக்டீரியா டி.என்.ஏ. வராதா? புற்றுநோயைக் கண்டறிய இது தடையில்லை, செல்லின் உருவம் எங்களுக்குப் போதும். ஒரு துண்டில் நாலைந்து பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைத் தேடுபவர்களுக்கு இது பெரிய தலைவலி. வைஸ்மன் குழு திசுவே இல்லாத வெற்று மெழுகையும் சேர்த்துச் சோதித்ததற்கு இதுதான் காரணம். அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அவர்கள்மேல் மரியாதை.

தேன்மொழி_கே · செவ்வாய், இரவு 7:55

எல்லோருக்கும் நன்றி. நேற்று முதல் நாள் சிகிச்சை முடிந்தது. வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு, வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின், ஐந்து வாரம். அப்புறம் உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு.

நீங்கள் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, உட்காரவைத்துப் பேசினார். ரிப்போர்ட்டில் உள்ள அழற்சி கட்டியின் மேல் புண்ணைச் சுற்றி என்றார், அப்படியே நுண்நோக்கி அண்ணா சொன்னது. அக்காவுக்கு நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்ததை அவள் வெட்கப்பட்டு இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சிஸ்டர் எழுதியதைப் படித்துக் காட்டியபின்தான் என்னிடம் சொன்னாள். சோதனை செய்து, ஏழு நாளைக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். காப்ஸ்யூல் இப்போது வேண்டாம் என்றுவிட்டார். அக்கா கொஞ்சம் முகம் சுளித்தாள்.

ஒரே ஒரு கேள்வி மீதி. அந்த ஐனர்ஸ் அக்கா கட்டியில் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?

கிருமிக்காதலி · செவ்வாய், இரவு 8:30

ஆய்வுக்காகப் பார்க்கலாம் அக்கா. சிகிச்சைக்கான வழக்கமான பரிசோதனையாக அது இன்னும் வரவில்லை. இருக்கிறது என்று தெரிந்தாலும் அதற்காகக் கதிர்வீச்சையோ மருந்தையோ மாற்றும் முறை இன்று கிடையாது. நாளை வந்தால் முதல் ஆளாக இங்கே எழுதுகிறேன்.

வார்டு_ஏழு · செவ்வாய், இரவு 9:10

அக்காவிடம் சொல்லுங்கம்மா, அவங்க சொன்னது பெரிய விஷயம். பாதிப் பேர் கடைசிவரை சொல்லவே மாட்டாங்க. சிஸ்பிளாட்டின் அன்றைக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாங்களா? எவ்வளவு என்று டாக்டர் சொன்ன கணக்கை எழுதி ஒட்டிவைங்க.

நுண்நோக்கி · செவ்வாய், இரவு 10:22

தேன்மொழி, அந்த மெழுகு பிளாக்கை ஆய்வகங்கள் பல வருடம் வைத்திருக்கும். ரிப்போர்ட்டின் மேலே ஒரு எண் இருக்கும், வருடமும் சேர்த்து. அதை மட்டும் தனியாக எழுதி வையுங்கள். என்றைக்காவது கிருமிக்காதலி சொல்லும் பரிசோதனை வந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்க அந்த எண் வேண்டும்.